கூத்து மேடைக்கு ஒரு மிக்சர்

எண்பதுகளில் எடப்பாடி, திருச்செங்கோடு பக்கம் மாரியம்மன் நோம்பிக்குக் கூத்து வைத்தால், மேலே தொங்குவது ஒரே மைக். கர்ணனும் துச்சாதனனும் அதற்கு நேர்கீழே வந்துதான் வசனம் பேச வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் எட்டிய மட்டும் எட்டும். ஆளுக்கொரு மைக் கொடுக்க எங்கள் ஆம்ப்ளிபயரில் சாக்கெட் கிடையாது. மிக்சர் விலைக்கு நல்ல கறவை மாடே வாங்கலாம். அதனால் நாங்களே கட்டினோம்.

டைனமிக் மைக்கிலிருந்து வருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். ஆம்ப்ளிபயருக்கு வேண்டியதோ அரை வோல்ட்டுக்கு மேல். சில நூறு மடங்கு பெருக்கும்போது ஐ.சி.யின் இரைச்சலும் கூடவே பெருகும். 741 உஸ்ஸென்று இரையும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து டி.எல்.072 வந்த பிறகுதான் அடங்கியது. போர்டை பெர்ரிக் குளோரைடில் அரித்தோம்; விரலில் மஞ்சள் கறை லேசில் போகாது. பெட்டிக்கு, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இரும்புத் தகட்டை மடித்து வாங்கினோம். உள்ளே ட்ரான்ஸ்பார்மரை வைத்ததும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கிளம்பியது. அதைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, எர்த் ஒயரையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துப் பற்றவைத்ததும் நின்றது.

நோம்பி வருவது ஆடியில். திறந்த வெளியில் காற்று மைக்கில் மோதினால் குரலே மறைந்துவிடும். மைக் லைனில் 10 கிலோ ஓமுக்கு முன்னால் 0.1 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் போட்டால், 160 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளது படிப்படியாகக் குறையும். காற்றின் பொருமல் போய் வசனம் தெளிந்தது. "தம்பி, முகவீணை காதைக் கிழிக்குதுங்க" என்று கூத்து வாத்தியார் சொன்னதும், அந்தச் சேனலுக்கு மட்டும் கீச்சு குறைய இன்னொரு கப்பாசிட்டர் ஏறியது.

இன்று உதிரிபாகங்களின் விலையிலேயே ரெடிமேட் மிக்சர் வந்துவிடுகிறது. இரைச்சல் மிகக் குறைவு. 48 வோல்ட் பேண்டம் சப்ளை இருப்பதால் கண்டன்சர் மைக்கைத் தொங்கவிடலாம். நடிகர் நகர்ந்து ஆடினாலும் குரல் பிடிபடுகிறது. கூத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. வாங்குவதுதான் சரி.

ஆனால் எக்கோவைத் திருகிவிட்டு, எல்லாச் சேனலையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் பையன்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. காற்றை வெட்டுவதற்கென்றே பல மிக்சர்களில் 80 ஹெர்ட்ஸ் பொத்தான் இருக்கிறது, தொடுவாரில்லை. ஆடிக்காற்றுக்கு அது மட்டும் போதாது, பேஸையும் இறக்க வேண்டும். விடிய விடியத் தொண்டை கட்டப் பாடும் கலைஞரின் சொல் எக்கோவில் கரைந்துபோவது அநியாயம்.

என்னிடம் தொழில் பழக வருகிறவனை முதலில் ஒரே ஒரு சேனல் கட்டவைக்கிறேன். கப்பாசிட்டரைக் கழற்றி மாட்டி, காற்றடிக்கும் வெளியில் வைத்துக் கேட்கச் சொல்கிறேன். அதன் பிறகே வாங்கிய மிக்சரைத் தொடவிடுகிறேன்.