சூடு ஆறாத கணக்கு

தெஹிவளையில் காலை எட்டு மணிக்கு ஊற்றி வைத்த பிளேன்ரீயை மறந்துபோய்ப் பத்தரைக்கு எடுத்தாலும் ஒரு வெதுவெதுப்பு மிச்சமிருக்கும். ஊர் வெக்கை அப்படி. இதில் விஞ்ஞானம் இருப்பதாக எனக்கு ஒருநாளும் பட்டதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவத்தின் முதல் பேராசிரியராக இருந்த ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரத்துக்குப் பட்டிருக்கிறது. என்ன, அவர் வெப்பமானியை வைத்த இடம் தேநீர்க் கோப்பை அல்ல.

1951 ஒக்ரோபர் 9. பம்பலப்பிட்டி சென்ட் அல்பன்ஸ் பிளேசில் ஒரு வீட்டு கராஜில் மகாதேவன் சதாசிவத்தின் மனைவி கழுத்து நெரிபட்டு இறந்து கிடந்தார். சதா யாரென்று கொழும்புக்குச் சொல்லத் தேவையில்லை. 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டம் அடித்தவர். 1948இல் பிராட்மனின் அணி கப்பலிலிருந்து இறங்கி கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியபோது இலங்கையின் தலைவரும் அவர்தான். அன்று ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யார்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் விருந்தாளிகள். அளவுகோலோடு நம்மூருக்கு இருந்த சிநேகம் அவ்வளவுதான்.

அதே ஊரில்தான் இப்போது ஒரு மனிதனின் கழுத்து நிமிஷக் கணக்கில் தொங்கியது. சதா அன்று காலை பத்தரை மணி போல வாடகைக் காரில் கிளம்பிவிட்டார். அதற்கு முன் உயிர் போயிருந்தால் அவருக்குத் தூக்கு. பின் போயிருந்தால் வீட்டு வேலைக்காரர் பதில் சொல்லவேண்டும். அந்த வேலைக்காரரோ நிபந்தனை மன்னிப்பு வாங்கிக்கொண்டு அரச சாட்சிக் கூண்டில் நின்றார். இரண்டு பேரில் யார் சொல்வது உண்மை என்று பிரேதத்தைத்தான் கேட்கவேண்டும். அதுவும் வெப்பமானி மொழியில்.

சீமைப் புத்தகங்களில் இதற்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது: மணிக்கு ஒன்றரை பாகை ஃபாரன்ஹீட் சூடு இறங்கும். எடின்பரோவில் அறை 60 பாகை, உயிருள்ள உடம்பு 98.4. இடையில் 38 பாகைப் பள்ளம். பிரேதம் தாராளமாக ஆறலாம். கொழும்பு கராஜ் 85 பாகை என்று வையுங்கள். பள்ளம் 13தான். அந்த வாய்ப்பாட்டின்படி ஒன்பது மணி நேரத்துக்குள் பிரேதமும் கராஜும் ஒரே சூடு. அதற்குப் பிறகு எத்தனை நாள் கிடந்தாலும் ஒரே பதில். பள்ளம் சிறிதானால் இறக்கமும் மெதுவாகும் என்பது நியூட்டன் சொன்ன பழைய சங்கதி. போதாததற்கு, உயிர் போனதும் உடம்பின் உட்சூடு உடனே இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் இறங்கத் தொடங்கும். அரைப் பாகை பிசகினால் சீமையில் 20 நிமிஷம். நமக்கு அதற்கும் மேலே. வாடகைக் கார் தெருமுனை தாண்ட அவ்வளவு நேரம் எதற்கு?

ஆகவே சொந்த வாய்ப்பாடு வேண்டியிருந்தது. அதற்கு இறந்த நேரம் சரியாகத் தெரிந்த பிரேதங்கள் வேண்டும். ஆஸ்பத்திரியில் சாகிறவர்கள் காய்ச்சலோடு சாகிறார்கள், கணக்கு கெட்டுவிடும். திடகாத்திரமாக இருந்து, குறித்த நிமிஷத்தில், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிகள் முன்னிலையில் உயிர்விடும் கூட்டம் நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அரசாங்கமே செலவு செய்து அனுப்பிவைத்தது. டி சேரம், ஜி. வெப்ஸ்டர், என். கதிர்காமத்தம்பி மூவரும் தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் சூட்டை அளந்து அட்டவணை போட்டு, 1955இல் அமெரிக்காவின் குற்றவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். சட்ட மருத்துவப் பாடநூல்கள் அதை இன்னமும் குறிப்பிடுகின்றன. அந்த 41 பேருக்கும் முறையீட்டு நீதிமன்றத்தில் கிடைக்காத கவனம் கடைசியில் வெப்பமானியிடம் கிடைத்தது. நம்மூர்க் கதிர்காமத்தம்பி ஒருவர் இதில் இருக்கிறார் என்பதைப் பெருமையோடு சொல்லவா, மெல்லச் சொல்லவா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

கட்டுரை வருமுன்னே வழக்கு முடிந்துவிட்டது. 57 நாள் விசாரணை. எதிரிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா, பகலில் சட்டப் புத்தகம், மற்ற நேரம் ட்ரொட்ஸ்கி. எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்னார். எகிப்தில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் என்பதால் வெக்கை அவருக்குப் புதிதல்ல. 1953 ஜூன் 25இல் யூரர்கள் ஒருமனதாகக் குற்றவாளி அல்ல என்றார்கள். கொல்வினுக்கு ஓய்வெடுக்க நேரமில்லை. ஓகஸ்டில் அவர் கட்சியும் அழைத்த ஹர்த்தால், 25 சத அரிசி 70 சதமான கோபத்தில் நாடு கொதித்தது. அதை அளக்க யாரும் வெப்பமானி கொண்டுவரவில்லை.

யூரர்கள் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால்? அந்தக் காலத்தில் கொலைக்குத் தண்டனை தூக்கு. இலங்கையின் மிக அழகான மட்டைவீரர் டி சேரத்தின் அட்டவணையில் ஒரு வரியாகியிருப்பார்: நிறை, உயரம், அறையின் சூடு, மணிக்கு எத்தனை பாகை. அந்த அட்டவணையில் ஓட்டங்களுக்குக் கட்டம் கிடையாது. சதா அதற்குப் பதிலாகக் கடல் தாண்டிப் போய் சிங்கப்பூருக்கும், பிறகு மலாயாவுக்கும் தலைவராக ஆடினார்.