மில்லிவாட் மகாத்மியம்

தர்மபுரி மாவட்டத்தில் ஆம்ப்ளிபையர் என்றால் அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தாலும் தகரம் நெளியக் கூடாது. சுவிட்சைப் போட்டால் பென்னாகரத்தில் பாடுவது பாப்பாரப்பட்டியில் இருப்பவனுக்குப் பாட்டாகவே கேட்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எங்கள் சித்தப்பா அதை ஆம்ப்ளிபையர் ஜாதியில் சேர்க்க மாட்டார். மைக்செட் தொழிலிலேயே தலை நரைத்தவர். மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடிப்பதினெட்டு, ஓட்டுக் கேட்பு எதுவானாலும் புளியமரத்தில் குழாய் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் இருப்பது 250 வாட் அஹூஜா.

அந்த சித்தப்பாவின் முன்னால், பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், பொங்கல் லீவுக்கு வந்த கையோடு நாலைந்து சின்னப் பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றும் டிபன் பாக்ஸ் அளவுதான்.

"சின்னத் தாத்தா, இதெல்லாம் ஆம்ப்."

சித்தப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எத்தனை வாட்டுடா கண்ணு?"

"இது ஒன்றரை வாட்."

"சீரியல் செட்டுல நாலு பல்பு எரியுமா அதுல?"

பையன் மனம் தளரவில்லை. இது ஹெட்போனுக்கான ஆம்ப், மேஜையில் வைத்துக்கொள்வது. கூடவே டாக் என்று ஒன்று உண்டு, கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடக்கும் பாட்டை மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. சில பெட்டிகளில் இரண்டும் ஒன்றாகவே வரும் என்று விளக்கினான். அவன் கொண்டுவந்தவை ஃபியோ கே5 ப்ரோ, ஐஃபை ஜென் டாக், ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் டாப்பிங் இ30, எல்30 ஜோடி. பாதி அவனுடையது, மீதி அறைத்தோழர்களிடம் இரவல். இதையெல்லாம் ஹெட்போன் ரசிகர் வட்டாரத்தில் 'பட்ஜெட்' ரகம் என்கிறார்கள். இதே வேலையைச் செய்ய லட்சங்களில் விற்கும் பெட்டிகளும் இருப்பதால் அந்தப் பெயர். என் மனைவிக்கு விலை மட்டும்தான் காதில் விழுந்தது. "இந்தப் பட்ஜெட்டுல ரெண்டு ஆடு வாங்கியிருந்தா இந்நேரம் குட்டி போட்டிருக்கும்" என்றாள். பொருளாதாரமாகப் பார்த்தால் அதை மறுக்க வழியில்லை. டாக் குட்டி போடாது. இரண்டு வருடத்தில் புது மாடல்தான் வரும்.

ஆம்ப் எதற்கு என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிய வைக்க ஒரு வழி இருக்கிறது. ஹெட்போன் என்பது போர்வெல் மாதிரி. ஆயிரம் அடிக் குழியில் சின்ன மோட்டார் இறக்கினால் தண்ணீர் மேலே வராது. முப்பது அடிக் கிணற்றுக்குப் பத்து ஹெச்பி மோட்டார் போட்டால் பக்கத்துக் காடு சேர்ந்து நனையும். குழி ஆழம் தெரியாமல் மோட்டார் விலை விசாரிக்கிறவனை நம் ஊரில் யாரும் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள். ஹெட்போன் உலகத்திலோ அவனைத்தான் ரசிகன் என்கிறார்கள்.

பையனின் ஹெட்போன் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ. 250 ஓம் ரகம். ஆழமான குழிதான். ஒரு மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபல் சத்தம் வரும் என்று கம்பெனியே அச்சடித்துக் கொடுக்கிறது. சரி, கணக்குப் போடுவோம். அவன் பை மூலையில் ஆப்பிள் கம்பெனியின் ஒரு வெள்ளை ஒயர் சுருண்டு கிடந்தது. போனின் சார்ஜ் ஓட்டையில் செருகினால் மறுமுனையில் ஹெட்போன் மாட்டலாம். அமெரிக்காவில் 9 டாலர். அந்தச் சுண்டுவிரல் நீள ஒயருக்குள்ளும் ஒரு டாக், ஒரு ஆம்ப் இரண்டும் இருக்கின்றன. அமெரிக்காவில் விற்கும் ரகம் அதிகபட்சம் 1 வோல்ட் கொடுக்கும். 250 ஓமில் 1 வோல்ட் என்றால் 4 மில்லிவாட். மில்லிவாட் இரட்டித்தால் 3 டெசிபல் ஏறும். நாலு மடங்குக்கு 6. ஆக 102 டெசிபல். சித்தப்பாவின் அஹூஜாவில் 62,500-இல் ஒரு பங்குதான் அந்தச் சக்தி. ஆனால் காதுக்குள் 102 டெசிபல் என்பது விளையாட்டல்ல. பெரியவர்கள் வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.

சித்தப்பாவுக்கு இந்த இடத்தில் கோபம் வந்துவிட்டது. அவர் தொழிலுக்குச் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ராத்திரி பத்து மணிக்கு மேல் குழாய் பாடினால் ஸ்டேஷனிலிருந்து ஜீப் வரும். "ஊருக்கே போட்டா கேஸு. ஒருத்தன் காதுக்குள்ள நூறைத் தாண்டிப் போட்டுக்கிட்டா கேக்க நாதியில்ல" என்றார். அதற்குப் பையன் பதில் சொல்லவில்லை. ஹெட்போன் போட்டிருந்தான்.

இந்தப் பெட்டிகள் மலிவாகவும் சுத்தமாகவும் வந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2011-இல், நார்த்வெஸ்ட் ஏவி கை என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், விலை உயர்ந்த ஹெட்போன் ஆம்ப்களை அளந்து பார்த்துத் தோலுரித்தார். தோலுரித்ததோடு நிற்காமல் ஓ2 என்று ஒரு ஆம்பை வடிவமைத்து, வரைபடத்தை ஊருக்கே வாரிக் கொடுத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். கரண்ட் போகிற ஊருக்கு இதைவிட ஏற்ற ஆம்ப் உண்டா? 2012-இல் எழுதுவதை நிறுத்தினார். அவர் யார், எங்கே போனார் என்பது வெளியே தெரியவே இல்லை. சித்தர் ரகம். அதே 2012-இன் கடைசியில் 99 டாலருக்கு ஒரு அமெரிக்கக் கம்பெனி மேக்னி என்ற ஆம்பை விற்க வந்தது. அந்தக் கம்பெனியின் பெயரை வீட்டில் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது. வேண்டுமென்றே அப்படி வைத்துக்கொண்டார்கள். 2018-இல் ஜேடிஎஸ் லேப்ஸின் 'ஆட்டம்' என்ற ஆம்ப், அதுவும் 99 டாலர். பிறகு சீனாவிலிருந்து மழைதான். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் ஏகேஎம் கம்பெனியின் சிப் ஆலை எரிந்து, டாக் செய்கிறவர்கள் பலரும் வேறு சிப் தேடி ஓடிய காலத்தில்கூட இந்தப் பெட்டிகள் நிற்கவில்லை. சிப் மாறியது, விளம்பரத்தில் 'புதிய குரல்' என்று ஒரு வரி கூடியது.

குரல் மாறியதா? அங்கேதான் சிக்கல். இன்றைக்கு இந்த விலையில் வரும் நல்ல பெட்டிகளில் இரைச்சலும் கோளாறும் பாட்டைவிட 110, 115 டெசிபல் தாழ்ந்து கிடக்கின்றன. 102 டெசிபலில் பாட்டு கேட்டால், அதில் 115-ஐக் கழித்து, இரைச்சல் மைனஸ் 13-இல் இருக்கும். மனிதக் காதுக்குக் கேட்கும் தொடக்கமே பூஜ்யம். இதில் எங்கள் வீட்டு ஃபேன் வேறு கடகடவென்று தன் பங்கைச் சேர்க்கும். 115-க்கும் 120-க்கும் வித்தியாசம் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் காது கூர்மை என்று அர்த்தமில்லை. ரசீது பையிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

டாக்குகளின் இன்னொரு பெருமை, 768 கிலோஹெர்ட்ஸ் பதிவைக்கூடப் பாடுவது. அந்த வேகத்தில் எடுத்த பதிவில் 384 கிலோஹெர்ட்ஸ் வரை ஓசையை அடைத்து வைக்கலாம். மனிதனுக்கு இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ், என் வயதில் அதிலும் ஒரு கை குறையும். எங்கள் சாலையோரப் புளியமரத்து வௌவால்களே 200-ஐத் தாண்டி அக்கறை காட்டுவதில்லை. அப்படிப்பட்ட டாக்கில் பையன் போட்டுக் காட்டியது எது தெரியுமா? கேசட்டிலிருந்து யாரோ 128 கேபிபிஎஸ்ஸில் மாற்றி வைத்த எம்பி3.

பெட்டிக்குப் பெட்டி குரல் மாறுமா என்ற சண்டையைத் தீர்க்க, பெட்டிகளோடு அந்த வெள்ளை ஒயரையும் துண்டு போட்டு மூடி, எது பாடுகிறது என்று தெரியாமல் கேட்டுவிடலாம் என்று முடிவானது. உடனே சித்தப்பா எழுந்து உள்ளே போய் மல்டிமீட்டரை எடுத்து வந்தார். திருவிழாவில் எதிரும் புதிருமாக இரண்டு செட் பாடினால், எது கொஞ்சம் சத்தமோ அதைத்தான் ஜனங்கள் 'சூப்பர் செட்' என்பார்கள். கருவி எதுவானாலும் சரி. இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டுச் சொன்னார்: "சாதா மீட்டரு. கரண்டு ஓடுற அந்த அம்பதுலதான் உண்மை பேசும்." ஜாக்கின் நுனியில் சிவப்புக் கம்பி, தண்டில் கறுப்புக் கம்பி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியின் வால்யூமையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, எல்லாவற்றையும் ஒரே வோல்ட்டில் நிறுத்தினார். அப்போது 6.35 மில்லிமீட்டர் ஓட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம மைக் ஜாக்கு!" உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காகப் பிறந்த ஜாக் அது. சித்தப்பாவின் தகர டப்பாவில் இரண்டு டஜனாவது கிடக்கும். அந்த நொடியிலிருந்து பெட்டிகளை உறவுமுறையாகவே நடத்தினார்.

பையன் முதலில் உட்கார்ந்தான். ஒன்றுக்கு "வார்ம்" என்றான், ஒன்றுக்கு "ஏரி" என்றான். "வெதுவெதுன்னு இருந்தா ஆஃப் பண்ணிடு, தீப்புடிச்சிரப் போவுது" என்று என் மனைவி கவலைப்பட்டாள். பிறகு டி.எம்.எஸ். பாட்டு ஒன்று போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு, "சவுண்ட்ஸ்டேஜ் எவ்வளவு அகலம் பாருங்க மாமா, வயலின் எல்லாம் இடது பக்கம் தள்ளி உக்காந்திருக்காங்க" என்றான். சித்தப்பா மெல்லச் சொன்னார்: "கண்ணு, அது மோனோ ரெக்கார்டு. ரெண்டு காதுலயும் ஒண்ணுதான் வருது." தமிழ் சினிமாவில் ஸ்டீரியோ என்று பேச்சு கிளம்பியதே 1978-இல், இளையராஜாவின் 'ப்ரியா' வந்தபோது. துண்டை எடுத்தால், அகலமாகப் பாடிக்கொண்டிருந்தது வெள்ளை ஒயர்.

சித்தப்பா தன் முறையில் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "எல்லாம் ஒரே பாட்டுதான் பாடுது. எதுல ஜாக்கு இறுக்கமா நிக்குதோ அதை வெச்சுக்கோ" என்றார். இத்தனை விமர்சனங்களைப் படித்திருக்கிறேன், இவ்வளவு உபயோகமான வரியை எதிலும் பார்த்ததில்லை.

ஆனால் என் மனைவிதான் ஒரு பெட்டியை ஒவ்வொரு தடவையும் தப்பாமல் கண்டுபிடித்தாள். "இதுல மட்டும் உய்ய்ய்ங்குது." பாட்டு நிற்கும்போது உற்றுக் கேட்டால் எல்லாருக்கும் கேட்டது. சுவர் பிளக்கில் தனியாக அடாப்டர் மாட்டியிருந்த பெட்டி அது. பெட்டியின் மேல் குற்றமில்லை. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றது, மாட்டியதும் வந்தது. சித்தப்பா லேப்டாப்பின் உலோக ஓரத்தில் புறங்கையை லேசாக வைத்து இழுத்தார். சுருசுருவென்றது. "எர்த்து இல்லடா உங்க வீட்டுல" என்றார். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளிவிடும். எர்த் இல்லாவிட்டால் அது யுஎஸ்பி ஒயர் வழியாக, ஆம்ப் வழியாக வேறு வழி தேடி அலையும். நாங்கள் கேட்டது அந்த அலைச்சலைத்தான்.

பின்கட்டில் எர்த் குழி இருந்த இடத்தில் ரோஜாத்தொட்டி உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்தினால், குழாயின் கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்து, கம்பி எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது. சித்தப்பா உப்புத்தாள் போட்டுக் குழாயைத் தேய்த்தார், புது கிளாம்ப் மாட்டி முடுக்கினார், குழியில் கல்லுப்பும் அடுப்புக்கரியும் கொட்டினார், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எங்கள் பக்கம் பாறை நிலம். வெயில் காலத்தில் ஈரம் தங்காது, மாசத்துக்கு ஒரு குடமாவது ஊற்றினால்தான் எர்த் எர்த்தாக இருக்கும். திரும்பி வந்து கேட்டோம். ரீங்காரம் இல்லை, சுருசுரு இல்லை. ஒலி உபகரணத்துக்காக எங்கள் வீட்டில் செய்த செலவுகளிலேயே காதுக்கு வித்தியாசம் தெரிந்த ஒரே செலவு இதுதான். கிளாம்ப், உப்பு, கரி எல்லாம் சேர்த்து ஒரு டீக்கடை பில் அளவு.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு இது. காசு முழுவதையும் முதலில் ஹெட்போனில் போடுங்கள். ஆளுக்கு ஆள், மாடலுக்கு மாடல் குரல் நிஜமாகவே மாறுவது அங்கேதான். 32 ஓமை ஒட்டிய ஹெட்போனுக்குப் பெரும்பாலும் சின்ன ஒயரே தாராளம். 250, 300 ஓம் வைத்திருந்து, தாழ்ந்த சத்தத்தில் பதிவான கர்நாடக சங்கீதக் கச்சேரிகளைச் சத்தம் பத்தாமல் கேட்கிறீர்கள் என்றால் மேஜை ஆம்ப் ஒன்று வாங்கலாம், தப்பில்லை. அதில் வால்யூம் குமிழைக் குறைவான இடத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு காதில் சத்தம் கூடி இன்னொரு காதில் குறைந்தால் வேண்டாம். ஜாக் இறுக்கமாக நிற்க வேண்டும். டாக்கில் எந்தச் சிப் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். எது வாங்கினாலும், பெட்டியைப் பிரிக்கும் முன் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.