நாலும் இரண்டும்: பழைய ஆட்டோ வாங்குவோர்க்கு ஓர் எஞ்சின் ஆராய்ச்சி

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் நுதலிய பொருள் சொல்ல வேண்டும். இந்நூல் நுதலிய பொருள், கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் ஒருவர் பழைய ஆட்டோ வாங்கப் புறப்பட்டால் டூ ஸ்ட்ரோக் வாங்குவதா, ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதா என்பது. கேட்போர் யாரெனின், லயத்து வாசலில் குந்தியிருக்கும் அனைவரும். பயன் யாதெனின், வாங்கினவருக்குத் தெரியும்.

இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்பாரும் உளர். அவர்களுக்கு விடை: மேல்நாட்டில் பழைய போர்ஷே 911 வாங்குகிறவர்களைப் பாருங்கள். 997 என்னும் வகையில், 2005 தொடக்கம் 2008 வரை வந்த வண்டிகளில், சாதாரண கரேராவுக்கு 3.6 லீற்றர் எஞ்சின், 325 குதிரைவலு. கரேரா எஸ்ஸுக்கு 3.8 லீற்றர், 355 குதிரைவலு. இந்த முப்பது குதிரைகளுக்காக அங்கே நண்பர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்கிறார்கள். பெரிய எஞ்சினில் சிலிண்டர் சுவர் கீறுமா, இடைத்தண்டின் பெயரிங் போய்விடுமா, அந்தத் தண்டே இல்லாத 2009ஆம் ஆண்டு எஞ்சினுக்குக் காத்திருக்கலாமா என்று பெரிய சபையே கூடுகிறது. இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வாய்த்தவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவர் இரண்டையும் வாங்கி முற்றத்தில் நிறுத்திவிடலாம்.

இனிக் கணக்கு. கரேரா 3,596 சிசி, எஸ் 3,824 சிசி. வித்தியாசம் 228; நூற்றுக்கு ஆறு சொச்சம். பஜாஜ் டூ ஸ்ட்ரோக் 145.45 சிசி. பிற்காலத்து ஃபோர் ஸ்ட்ரோக், ஊரெல்லாம் 205 என்று அழைத்தாலும், அளந்தால் 198.88 சிசி. வித்தியாசம் 53, நூற்றுக்கு முப்பத்தேழு. ஆகவே எட்டியாந்தோட்டையில் பழைய ஆட்டோ வாங்குகிறவரின் கவலை, ஜெர்மனியில் பழைய போர்ஷே வாங்குகிறவரின் கவலையைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு பெரியது. இரண்டுக்கும் எஞ்சின் பின்னால்தான் என்பதையும், இரண்டின் மேலும் முன்பக்கம் லேசு என்ற பழி உண்டு என்பதையும் ஒப்பியல் ஆய்வாளர் குறித்துக்கொள்க.

பொருளின் தகுதி நிறுவப்பட்டது. அடுத்தது இலக்கணம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு; ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. முன்னது குறள் வெண்பா, பின்னது நாலடி. நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி என்று பெரியவர்கள் சொன்னபோது, எதற்கு ஓயில் கலக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இரண்டுக்குக் கலக்க வேண்டும். பெற்றோல் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் என்பது விதி. சோடாப் போத்தலில் இருந்து கண்மதிப்பாக ஊற்றுவது வழக்கு. விதியும் வழக்கும் மாறுபடுமிடத்து வழக்கே வலிது. டூ ஸ்ட்ரோக்குக்கு வால்வு கிடையாது, கேம் தண்டு கிடையாது. ஆதலால் கெட்டுப்போகக்கூடிய சாமான் குறைவு. ஆனால் உள்ளே போகும் கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். காசு கொடுத்து வாங்கின பெற்றோலை மலைக்காற்றுக்குத் தானம் செய்கிற எஞ்சின் என்று இதை எதிர்க்கட்சியார் ஏசுவர்.

ஏசுவோரை மௌனவாதிகள் என்றும், ஏசப்படுவோரைத் தூமவாதிகள் என்றும் கொள்வோம். தூமம் புகை.

தூமவாதிகளின் பக்கம் தர்க்க சாஸ்திரமே நிற்கிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே மலையில் நெருப்பு உண்டு என்பது தர்க்கம் படிக்கிற பிள்ளைக்கு முதல் பாடம். தோட்டத்தில் இது, மலையில் புகை தெரிகிறது, ஆகவே அண்ணன் ஆட்டோ வருகிறது என்று திருத்தி வழங்கப்படும். கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் மேல் மலையிலிருந்தே புகையைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்குவார்கள்; சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். ஃபோர் ஸ்ட்ரோக் வந்தபின் இந்த அனுமானப் பிரமாணம் தோட்டங்களில் வழக்கொழிந்தது. இப்போது போன் அடித்துக் கேட்கிறார்கள்.

அரசாங்கமோ மௌனவாதிகளின் பக்கம். காற்று கெடுகிறது என்று சொல்லி 2008 முதல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டி இறக்குமதியைத் தடுத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் வாகனப் புகைச் சோதனையும் வந்தது. அதில் தேறிய துண்டு இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆக, இன்று சந்தையில் உள்ள டூ ஸ்ட்ரோக் எதுவாயினும் அதற்குக் கிட்டத்தட்ட இருபது வயது இருக்கும். சோதனைக்குப் போகும் முன் கார்புரேட்டர் திருகாணியைத் திருகி, சைலன்சரைக் கழற்றிக் கரி சுரண்டி, ஓயிலை அளந்து கலந்து, குளிப்பாட்டிக் கொண்டுபோவார்கள். துண்டு கிடைத்து வீடு வந்ததும் திருகாணி பழைய இடத்துக்குத் திரும்பும்.

வயதறிய இலக்கத்தகடே சாசனம். எழுத்தில்லாமல் எண் மட்டும் உள்ள தகடு சங்க காலம். ஐயமில்லாமல் டூ ஸ்ட்ரோக். ஏ-யில் தொடங்கும் மூன்று எழுத்து என்றால் பிற்காலம். ஐயமில்லாமல் ஃபோர் ஸ்ட்ரோக். இடையே உள்ள இரண்டெழுத்துக் காலம்தான் களப்பிரர் காலம். அதில் இரண்டும் கலந்து கிடக்கும், விற்பவர் வாயை நம்ப முடியாது. பக்கத்தில் எஸ்ஜி என்று இருந்தால் வண்டி சப்ரகமுவவில் பதியப்பட்டது, மேடு பார்த்தது. டபிள்யூபி என்றிருந்தால் கொழும்புப் பக்கம் சமநிலத்தில் ஓடியது. சுகமாக வாழ்ந்த வண்டி என்று சிலர் அதையே தேடுவார்கள். சுகமாக வாழ்ந்தது மலைக்கு வந்ததும் படுத்துவிடும் என்பது மறுதரப்பு.

பரிசோதனை முறை பற்றி நூல்கள் பேசா, பாஸ்மார் எனப்படும் மெக்கானிக்குகளே பேசுவர். காவத்தைப் பக்கம் ஒரு கராஜில், தாய் குவைத்திலிருந்து அனுப்பிய காசோடு டூ ஸ்ட்ரோக் ஒன்று பார்க்க வந்த பையனுக்காகச் சிங்கள பாஸ் ஒருவர் நடத்திய சோதனை இங்கே சான்று. அவர் முதலில் எஞ்சினைப் பார்க்கவேயில்லை. சைலன்சர் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டு எடுத்து, கரியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். ஈரமாய் வழவழத்தது. பிறகு சாரதி காலடியில் இருக்கும் கை ஸ்டார்ட் தடியை ஸ்விட்ச் போடாமலே மெல்ல இழுத்தார். பாதியில் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். தள்ளியது, ஆனால் மனமில்லாமல் தள்ளியது.

“பாஸ், ஓயில் குடிக்குமா?”

“குடிக்காத டூ ஸ்ட்ரோக் எங்க இருக்கு மல்லி? நீ கேக்க வேண்டியது, எவ்வளவு குடிச்சிட்டு வேலைக்கு வருதுன்னு.”

“ரிங் மாத்தினா சரியா வருமா?”

“ரிங் மாத்தலாம், போர் அடிக்கலாம், புதுப் பிஸ்டன் போடலாம். எல்லாம் அரை நாள் வேலை. ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தா ஹெட்டைக் கழட்டணும், வால்வு பார்க்கணும், சாமானுக்கு டவுனுக்குப் போகணும். அது படிச்சவன் எஞ்சின் மல்லி. இது நம்ம எஞ்சின்.”

இந்தக் கடைசி வாக்கியத்தில் தூமவாதத்தின் சாரம் முழுதும் அடங்கியிருக்கிறது. எனினும் பாஸின் மச்சான்தான் அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் என்ற தகவலைச் சேர்த்தே இச்சான்றை எடைபோட வேண்டும்.

ஏற்றம், இறக்கம் என்னும் இரண்டு அதிகாரங்களில்தான் கட்சிகள் நேருக்கு நேர் மோதும். இறக்குவானையிலிருந்து சூரியகந்தைக்கு ஏறும் புளுத்தொட்டைக் கணவாயில் பத்துக் கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்டில் மூன்று பேர், காலடியில் அரிசி மூட்டை என்று ஏறினால், பாரமும் எஞ்சினும் பின்னால் கிடக்க, முன்சக்கரம் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் வரும். ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி யோசித்துவிட்டுத் திரும்பும். அப்போது பின்னால் இருப்பவரில் ஒருவர் முன்னே வந்து சாரதியின் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும். சட்டம் ஒப்பாது, முன்சக்கரம் ஒப்பும். டூ ஸ்ட்ரோக் சின்ன எஞ்சின் என்றாலும் சுற்றுக்கொரு வெடிப்பு இருப்பதால் ஆக்சிலேட்டரை முறுக்கியதும் துள்ளி எழும். 205 அப்படித் துள்ளாது. கங்காணி மலை ஏறுகிற மாதிரி நிதானமாக, நிறுத்தாமல் ஏறும். எது நல்லது என்பது பின்னால் இருப்பவர் கர்ப்பிணியா, இளவட்டமா என்பதைப் பொறுத்தது.

இறக்கத்தில் சந்தேகமில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கை இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் அவ்வளவாகப் பிடிக்காது. போதாக்குறைக்கு, ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் நெடுந்தூரம் இறங்கினால், பெற்றோலோடு வர வேண்டிய ஓயிலும் வராமல் பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும். தெரிந்த சாரதிமார் இறங்கும்போது நடுநடுவே ஒருமுறை முறுக்கிக்கொடுப்பதன் காரணம் இதுவே. ஊர் அதை ஸ்டைல் என்று நினைக்கிறது. வேறு சிலர் நியூட்ரலில் விட்டு, எஞ்சினையும் நிறுத்திவிட்டு இறங்குவார்கள். 2022இல் இது பரவலாயிற்று. அந்த ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர். ஐந்து லீற்றரில் ஒரு வாரம் ஹயர் ஓட வேண்டியவன் ஈர்ப்பு விசையை எரிபொருளாகக் கொண்டதில் பிழை காண முடியாது. பிரேக் டிரம் சூடேறி வாசம் வந்ததைத்தான் சொல்ல வேண்டும். மௌனவாதம் தோட்டங்களில் வென்றது அந்த வருடம்தான். அரசாங்கத்தின் தடையால் அல்ல, அந்த ஐந்து லீற்றரால்.

கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் மேடு கொஞ்சம் சாது. அங்கே மழைதான் நீதிபதி. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. பேர் இல்லாதவன் ஆட்டோவில் ஏறமாட்டான். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. பிளக் நனைந்து நிற்கிற விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் வேறுபாடில்லை.

காசு அதிகாரம் சுருக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய வண்டியெல்லாம் பொன்னாயிற்று. 2025இல் மறுபடி திறந்த பிறகும் பழைய விலைக்கு யாரும் திரும்பவில்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி சொன்ன இடத்தில், கைக்காசுக்கு 205 வாங்குவது நடக்கிற காரியமில்லை. லீசிங் வேண்டும். லீசிங்காரர்கள் கிழட்டு டூ ஸ்ட்ரோக்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனவே தெரிவு எளிது: கைக்காசு என்றால் இரண்டு, கடன் என்றால் நாலு. மூன்று தவணை தவறினால் நாலும் போய்விடும்; வண்டி பறிக்க வருகிறவர்கள் விடியற்காலையில், சத்தமில்லாமல் வருவார்கள். மௌனவாதம் என்ற பெயர் அவர்களுக்கும் பொருந்தும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த விவாதத்தின் மூலநூல் மோட்டார்ப் பொறியியலில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவில் இருக்கிறது. தோட்டத்துக்குள் இருக்கும் பாதை தோட்ட நிர்வாகத்தின் கையில். பிரதேச சபை தன் காசை அங்கே செலவழிக்க அந்தப் பிரிவு தடையாகக் கிடந்தது. முப்பது வருடம் கழித்து, 2018இல்தான் திருத்தம் வந்தது. சந்தியிலிருந்து லயம் வரைக்கும் உள்ள பாதை அந்த முப்பது வருடத்தில் யார் பாதையும் இல்லை. பங்களா வரைக்கும் கொங்கிறீட், ஸ்டோர் வரைக்கும் கல், அதற்கு மேலே மழைநீர் தன் விருப்பத்துக்கு வெட்டிய வாய்க்கால். திருத்தம் வந்த பிறகு தேர்தலுக்குத் தேர்தல் சில மீற்றர் கொங்கிறீட் முளைக்கிறது; அதற்கு நடுவிலே மறுபடி கல். கிளச் பிளேட் தேய்வதும், ஸ்பிரிங் உடைவதும், சேஸிஸ் விரிசல் விடுவதும் இங்கேதான். 145ஆ 198ஆ என்ற கேள்வி தார் ரோட்டில் பிறந்தது; இந்தப் பாதையில் முதல் கியரைத் தவிர வேறு இலக்கணம் செல்லாது.

ஆதலால் சித்தாந்தம் இதுவே. வண்டி பார்க்கச் சந்திக்குப் போகாமல், விற்கிறவரையே அதை லயத்து வாசலுக்கு ஓட்டி வரச் சொல்ல வேண்டும், பின்சீட்டில் மூன்று பேரோடு. வந்தால் விலை பேசலாம். “சந்தி வரைக்கும்தான் வருவேன், நீங்க கீழ இறங்கி வாங்க தம்பி” என்று அவர் சொன்னால், அது எந்த ஸ்ட்ரோக் என்று கேட்க வேண்டியதில்லை.