எதிரியும் அவரே

ஆட்டப் பெட்டியின் மேல் ‘ஆடுவோர்: இருவர்’ என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்ததும் சாதாரண மனிதர் இன்னோர் ஆளைத் தேடுவார். ஒற்றைத் தளபதி இன்னொரு நாற்காலியைத் தேடுவார்.

இங்கிலாந்தின் எந்த ஊரிலும் இவர் தட்டுப்படுவார். நாட்டிங்ஹாம் பக்கம் கொஞ்சம் அடர்த்தியாக. கேம்ஸ் வொர்க்‌ஷாப், வார்லார்ட், மான்டிக், பெர்ரி என்று பொம்மைச் சிப்பாய் செய்யும் நிறுவனங்கள் அங்கே குவிந்திருப்பதால், அந்த ஊரில் ஜனத்தொகையைவிடப் படைபலம் அதிகம். இவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பகலில் வரிக் கணக்கு எழுதுபவராகவோ, பூகோள வாத்தியாராகவோ இருப்பார். கட்டைவிரல் நகத்தில் எப்போதும் ஒரு துளி நீல பெயின்ட். சட்டைப்பையில் ஓர் இரும்பு டேப். “தபாலாபீஸ் எவ்வளவு தூரம்?” என்று கேட்டுப் பாருங்கள், கை தன்னையறியாமல் டேப்பைத் தொடும், பதிலை அங்குலத்தில் சொல்ல வாய் துடிக்கும்.

போர்க்களம் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. மேசை போதாது என்று அதன்மேல் ஆறடிக்கு நாலடி ப்ளைவுட் பலகை. பலகைமேல் பச்சைத் துணி. துணிக்கு அடியில் இரண்டு தடிப் புத்தகங்களைச் செருகினால் குன்று. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை நறுக்கி ஒட்டினால் வேலிப் புதர். வாசல் மிதியடியின் ஒரு மூலையை வெட்டி வைத்தால் விளைந்த கோதுமை வயல். அந்த வீட்டு அம்மாளுக்கு எந்தப் பொருள் காணாமல் போனாலும் தேடுவதில் சிரமமில்லை. நேரே பெல்ஜியத்துக்குப் போய்ப் பார்ப்பார்.

சிப்பாய் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம். சட்டைக்குப் பொத்தான் உண்டு, பொத்தானுக்குத் தனி வண்ணம் உண்டு. ஒரு படைப்பிரிவுக்கு வண்ணம் தீட்ட ஒரு மாதத்து மாலைப்பொழுது போய்விடும். சண்டையில் இரு தரப்புக்கும் ஆயுதம் விற்றுப் பணக்காரரானவர்கள் சரித்திரத்தில் நிறையப் பேர். இரு தரப்புக்கும் வாங்கி ஏழையானவர் இவர் ஒருவர்தான்.

தனியாக ஆடுவது ஏன் என்று கேட்டால், பெருமூச்சு விட்டுப் பட்டியல் போடுவார். மூன்று தெரு தள்ளி ஒரு மன்றம் இருக்கிறது. வியாழன்தோறும் அங்கே கூடுகிறார்கள். ஆனால் அங்கே ஒருவர் ஆறு அங்குலத்தை ஆறரை அங்குலமாக அளப்பார். இன்னொருவர் சிப்ஸ் தின்ற விரலோடு நெப்போலியனைத் தூக்குவார். மூன்றாமவர் ஒரு நகர்த்தலுக்கு யோசிக்கும் நேரத்தில் அசல் போரே முடிந்திருக்கும். நான்காமவர் வாயைத் திறந்தாலே விதிப்புத்தகத்தின் பக்க எண் வரும். மகனோடு ஆடலாமே என்றால், அவன் பதினான்கு வயதில் ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்துவிட்டு வீடியோ கேம் பக்கம் போய்விட்டான். ஆக, நாணயமான, சுத்தமான, சுறுசுறுப்பான, விதண்டாவாதம் பேசாத எதிரி உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். அவரும் இதே வீட்டில்தான் குடியிருக்கிறார்.

நீங்கள் இலேசாகச் சிரித்தால் போதும், பரம்பரையை எடுத்து விடுவார். 1824-இல் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் தம் தகப்பனார் தொடங்கிய போர் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்து வெளியிட்டார். வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி அதிகாரிகள் சண்டை பழகினார்கள். ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சன் நுரையீரல் நோய்க்காக தாவோஸ் மலையூரில் தங்கியிருந்தபோது, மாடி அறைத் தரையில் தவழ்ந்து வளர்ப்பு மகனோடு ஈயச் சிப்பாய்ப் போர் நடத்தினார். எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று விதிப்புத்தகமே போட்டு, பன்னிரண்டு வயதிலிருந்து நூற்றைம்பது வயதுவரை பையன்கள் ஆடலாம் என்று தலைப்பிலேயே அனுமதி வழங்கினார். “நான் அந்த வரம்பில் பாதியைக்கூடத் தொடவில்லை” என்பார் நம் தளபதி.

இவர்கள் எல்லோருக்கும் எதிரே ஓர் ஆள் இருந்தாரே என்று நீங்கள் மடக்கினால், அதற்கும் அலமாரியில் பதில் உண்டு. 1973-இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் தனியாளுக்கென்றே ‘சோலோ வார்கேமிங்’ என்ற முழுப் புத்தகம் எழுதினார். ஃபெதர்ஸ்டோன் தொழிலால் பிசியோதெரபிஸ்ட். மணிக்கணக்கில் மேசைமேல் குனிந்து நிற்பவர்களுக்கு வழிகாட்ட இதைவிடப் பொருத்தமானவர் வாய்க்க மாட்டார்.

நாமும் கேலி செய்வதற்கில்லை. இருவர் ஆடும் பல்லாங்குழியில் ஒருத்தியே ஆடுகிற வகைக்குச் சீதைப்பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை ஆடியது என்பார்கள். ஆனால் சீதைக்கு வேறு வழியில்லை. சுற்றி இருந்தவர்கள் அரக்கியர். மூன்று தெரு தள்ளி மன்றம் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள்.

இனி போருக்கு வருவோம். தளபதிக்குப் பிடித்தது 1815 ஜூன் 18, பெல்ஜியத்து வாட்டர்லூ. பலகையின் தெற்கே நெப்போலியன், வடக்கே வெலிங்டன். நெப்போலியனாக இருக்கும்போது காபி, வெலிங்டனாக இருக்கும்போது டீ. இரண்டு கோப்பையும் ஆறிப்போய் இருக்கும், ஏனென்றால் அவர் எப்போதும் மறுபக்கத்தில் இருப்பார்.

முதல் சிக்கல் இங்கேதான். வெலிங்டனுடைய கெட்டிக்காரத்தனமே படையின் பெரும்பகுதியை மோன் சான் ஜான் மேட்டுக்குப் பின்சரிவில் மறைத்து வைத்ததுதான். எதிரே நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நம் நெப்போலியனுக்குத் தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு முன்பு அந்தப் பக்கம் போய் அவர்களை வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு வந்தவரே அவர்தான். பிரஷ்யர்களைத் துரத்திக்கொண்டு முப்பத்து மூவாயிரம் பேரோடு போன பிரெஞ்சு மார்ஷல் குருஷி சண்டை முடியும்வரை வரவில்லை என்பதும், பிற்பகலில் ப்ளூகரின் பிரஷ்யர்கள் கிழக்கேயிருந்து வந்து சேர்ந்தார்கள் என்பதும் அசல் நெப்போலியனுக்குக் காலையில் தெரியாது. இவருக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும்.

உளவாளிகளே தேவைப்படாத போர் இது. இரு தரப்புத் தலைமையகமும் ஒரே மண்டைக்குள் இயங்குகின்றன; நடுவே சுவர்கூட இல்லை. இதற்கு வைத்தியம் பல. சீட்டுக்கட்டைக் குலுக்கி வைத்து, சிவப்பு வந்தால் பிரெஞ்சு நகரும், கறுப்பு வந்தால் பிரிட்டிஷ் நகரும் என்று வரிசையைக் குலைப்பார். வெலிங்டனுக்கு மூன்று திட்டம் எழுதி, பகடையில் ஒன்று இரண்டு விழுந்தால் முதல் திட்டம், மூன்று நான்குக்கு இரண்டாவது, ஐந்து ஆறுக்கு மூன்றாவது என்று விதியிடம் ஒப்படைப்பார். மேட்டுக்குப் பின்னால் பொம்மைகளுக்குப் பதில் அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார். சிலவற்றின் அடியில் படையின் பெயர், சிலவற்றின் அடியில் வெறுமை. கலைத்து வைத்தவருக்கே எது எங்கே என்று தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது மறதி. போரைப் பாதியில் நிறுத்திப் பத்து நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால், வெலிங்டன் என்ன நினைத்திருந்தார் என்பது நெப்போலியனுக்கு மறந்துவிடும். வெலிங்டனுக்கும் மறந்துவிடும் என்பது சிறு குறை. வயதாக வயதாக ராணுவ ரகசியம் பலப்படுகிறது என்பது இவருடைய அனுபவ முடிவு. அந்தப் பத்து நாளும் குடும்பம் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடும்.

மேசையில் மூன்றாவது ஆளும் உண்டு, நடுவர். அவரும் இவர்தான். மூவரில் அதிகம் உழைப்பவர் இந்த நடுவர்தான். ஒரு நாள் நடந்த வழக்கு இது:

“ஆறு அங்குலம். துப்பாக்கி எட்டும்” என்றார் நெப்போலியன்.

“அடித்தட்டின் எந்த விளிம்பிலிருந்து அளந்தாய்? பின்விளிம்பிலிருந்து அளந்தால் ஆறரை” என்றார் வெலிங்டன், டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு.

நடுவர் மேசை மட்டத்துக்குக் குனிந்து, கன்னத்தைப் பச்சைத் துணியில் பதித்து, ஒற்றைக் கண்ணால் அந்தச் சிப்பாயின் பார்வை போகும் திசையில் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஃபெதர்ஸ்டோனை நினைத்துக்கொண்டார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். புத்தகம் இரு தரப்புக்கும் சாதகமாக இருந்தது. கடைசியில் பகடை உருட்டித் தீர்ப்புச் சொல்லலாம் என்றார். பகடை மிதியடிக் கோதுமை வயலில் சாய்ந்து நின்றது. ஐந்தா மூன்றா என்று தெரியவில்லை. ஐந்துதான் என்று நெப்போலியன் சாதித்தார். மறுபடி உருட்டு என்றார் வெலிங்டன். அறையில் வேறு யாருமே இல்லை. ஐந்து என்று வைத்துக்கொண்டால் கேட்க ஓர் ஆள் கிடையாது. ஆனாலும் மறுபடி உருட்டினார். ஒன்று விழுந்தது. நெப்போலியன் அன்று முழுவதும் நடுவரோடு பேசவில்லை.

அதற்காக நடுவர் பரம யோக்கியர் என்று நினைத்துவிடாதீர்கள். போன மாதம் முழுக்க உட்கார்ந்து நெப்போலியனின் பழங்காவலர் படைக்கு வண்ணம் தீட்டினாரே, கரடித்தோல் தொப்பி, குறுக்கு வார், காதுக் கடுக்கன் எல்லாம் சேர்த்து, அவர்கள் சாவதை அவரால் பார்க்க முடியாது. புதிதாக வண்ணம் தீட்டிய படை முதல் சண்டையிலேயே செத்துப்போகும் என்பது இந்த ஆட்டக்காரர்கள் எல்லோரிடமும் உள்ள நம்பிக்கை. சுட்டவரும் தாமே என்பது ஒற்றைத் தளபதிக்கு மட்டும் உள்ள கூடுதல் துக்கம். அதனால் அந்தப் படையை நோக்கி வெலிங்டன் உருட்டும்போது மட்டும் பகடை அடிக்கடி மேசையிலிருந்து கீழே விழும். கீழே விழுந்த பகடை செல்லாது. விழவைத்தது யார் என்று விசாரிக்க நடுவருக்கு நேரமில்லை. தொடர்ந்து ஒன்றே போடுகிற பகடைக்குத் தண்டனையும் உண்டு. ஒரு கண்ணாடிக் குவளை சிறைச்சாலை.

இரவு பதினொரு மணிக்கு மனைவி எட்டிப் பார்ப்பார்.

“யார் ஜெயித்தது?”

“நான்தான்.”

“அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கிறது?”

“தோற்றதும் நான்தானே.”

விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். உண்மையில் தளபதியின் கணக்கு அபாரமானது: வாழ்க்கையில் ஒரு போரிலும் தோற்றதில்லை. யாராவது விஷயம் தெரிந்தவர் குறுக்கே கேட்டால், ஒன்றைக்கூட ஜெயித்ததில்லை என்று அடக்கமாகச் சொல்லவும் அதே கணக்கு உதவும்.

இவருடைய பொற்காலம் 2020 மார்ச்சில் தொடங்கியது. யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்த அன்று, தாம் இத்தனை காலம் செய்துவந்தது சட்டமாகிவிட்டதைக் கண்டு நெஞ்சு விம்மினார். மன்றத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். ஆறரை அங்குலக்காரர், தம்மையே ஏமாற்றாமல் இருப்பது எப்படி என்று யோசனை கேட்டார். விதிப்புத்தகக்காரர், தமக்கும் தமக்கும் நடந்த விவாதத்தில் தோற்றுவிட்டதாகத் தழுதழுத்தார். தளபதி எல்லோருக்கும் பொறுமையாகப் பாடம் எடுத்தார். கட்டுப்பாடு நீங்கியதும் மாணவர்கள் மன்றத்துக்கே ஓடிவிட்டார்கள். நன்றி கெட்ட உலகம்.

எப்போதாவது, மனைவியின் இரக்கத்தால், அசல் எதிரி ஒருவரே வீடு தேடி வருவதுண்டு. அப்படி ஒரு நாள் வந்தவர், பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து வடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். தளபதி நெப்போலியனை நகர்த்தி முடித்து, பழக்க தோஷத்தில் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நாற்காலியில் ஆள் இருந்தது. திடுக்கிட்டு நின்றார். வந்தவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் என்ன யோசிக்கிறார் என்று தெரியாததால் தளபதிக்கு உடம்பெல்லாம் அரித்தது.

ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

“தம்பி, அந்தக் குதிரைப்படையை இப்போது விடாதீர்கள். புதருக்குப் பின்னால் பீரங்கி வைத்திருக்கிறேன்” என்றார்.

“சொல்லிவிட்டீர்களே!”

“உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தளபதி தம் பக்கம் நின்று ஒரு நகர்த்தல், எதிர்ப்பக்கம் போய் நல்ல யோசனை ஒன்று, நடுவே நடுவராகச் சின்னக் கண்டிப்பு. இளைஞர் பகடை உருட்டுவதோடு சரி. சாயங்காலம் வெலிங்டன் அமோகமாக ஜெயித்தார். இளைஞருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவ்வளவு பெருந்தன்மையான எதிரியைப் பார்த்ததே இல்லை என்று கைகுலுக்கினார். அரை அங்குலத்துக்குச் சண்டை பிடிக்கவில்லை, யோசித்து இழுத்தடிக்கவில்லை, பக்க எண் சொல்லவில்லை என்று மனைவியும் அசந்து போனார்.

“அடுத்த வியாழனும் வரட்டுமா?” என்றார் இளைஞர், கோட்டை மாட்டிக்கொண்டே.

தளபதி சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். “மன்னிக்க வேண்டும் தம்பி, வியாழக்கிழமை வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். போன தடவை அரை அங்குலம் ஏமாற்றினார். அந்த ஆளைச் சும்மா விடுவதாக இல்லை.”