மெய்ஷியியல்: ஜப்பான் செல்லும் பம்ப் வியாபாரிக்கு ஒரு முன்னாய்வு

கோயம்புத்தூரிலிருந்து பம்ப் விற்க ஜப்பான் கிளம்புகிறவர் அந்த நாட்டை எவ்வாறு அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வினா, அறிஞர் உலகில் நெடுங்காலமாக முறைப்படி குழப்பப்பட்டு வருகிறது. அக்குழப்பத்துக்குத் தன்னால் இயன்றதைச் சேர்க்க இக்கட்டுரை முற்படுகிறது.

இயல் ஒன்று, விசா: வாங்க வேண்டும்.

இயல் இரண்டு, காலம்: ஜப்பான் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் ஓபோன் என நீண்ட விடுமுறைகள். அப்போது போனால் பேச ஆள் அகப்படாது. இது பயனுள்ள செய்தி என்பதால் மேற்கொண்டு ஆராயப்படவில்லை.

இயல் மூன்று, எஸ்கலேட்டர்: டோக்கியோவில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பர்; ஒசாகாவில் வலப்பக்கம்.

இயல் நான்கு, கோட்பாடு: ஹாஃப்ஸ்டெட் என்னும் டச்சு அறிஞர், ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து நாடுகளுக்கு மார்க் போட்டு 1980இல் நூல் வெளியிட்டார். நிச்சயமின்மையைத் தவிர்ப்பதில் ஜப்பானுக்கு 92. ஒரே கம்பெனியின் ஆட்களைக் கேட்டுத் தேசத்தையே அளந்துவிடுவது சிக்கனமான முறை. பீளமேட்டு ஃபவுண்டரி ஒன்றின் கேன்டீனில் உட்கார்ந்தபடியே இந்தியாவை எழுதி முடித்துவிடலாம். கோட்பாடு இன்னொன்றும் உண்டு: ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தம் மொழிக்குத் தமிழோடு உறவுண்டு என்று பல்லாண்டு வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் ஒப்பவில்லை. நம் மேடைகளோ அதற்குள் சம்பந்தி விருந்தே வைத்துவிட்டன. அந்த உறவைச் சொல்லிக் கொட்டேஷனில் யாரும் சலுகை பெற்றதாகத் தகவல் இல்லை.

இயல் ஐந்து, மெய்ஷி: மெய்ஷி எனப்படுவது விசிட்டிங் கார்டு. அளவு 91க்கு 55 மில்லிமீட்டர். ஊரில் அது சட்டைப்பையில் வேர்வையில் ஊறும். முதுகில் மளிகைக் கணக்கைச் சுமக்கும். முனையால் பல்லிடுக்குக்கும் உதவும். ஜப்பானில் மூன்றும் விலக்கு. எழுந்து நின்று, உறையிலிருந்து எடுத்து, எழுத்து எதிராளிக்கு நேராக வரும்படி திருப்பி, தாம்பூலம் கொடுப்பதுபோல் இரு கையாலும் நீட்டி, கம்பெனியையும் பெயரையும் சொல்ல வேண்டும். வாங்கிய கார்டைப் பேச்சு முடியும்வரை மேசையில், அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே பரப்பி வைக்க வேண்டும். மூத்தவர் கார்டு மட்டும் உறையின் மேல் ஏறி அமரும்.

இரு கையாலும் கொடுக்க, இரு கையாலும் வாங்குக என்பது பொது விதி. அஃதேல், இருவரும் ஒரே நேரத்தில் நீட்டினால் என் செய்வது எனின், அவ்வழி வலக்கையால் கொடுத்து இடக்கையால் வாங்குக என்பது புறனடை. புறனடையை அறியாமல் பொது விதியையே பிடித்துத் தொங்குவோருக்கு நான்கு கை தேவைப்படும். அது திருமாலுக்கு ஆகும், ஏற்றுமதியாளருக்கு ஆகாது.

இனி உயரம். தன் கார்டை எதிராளியின் கார்டைவிடச் சற்றுத் தாழ்த்திப் பிடிப்பது பணிவு. இருவருமே பணிவில் விட்டுக்கொடுக்காதவர்களானால் கார்டுகள் எங்கே போய் நிற்கும்? முழங்கால் என்பர் ஒரு சாரார். கார்ப்பெட் என்று முடிவு கட்டியது, காந்திபுரத்து பேக்கரி ஒன்றில் தேங்காய் பன்னுக்கும் டீக்கும் இடையே கூடிய கருத்தரங்கு (தலைமை: பில் கொடுத்தவர்). விமான இருக்கையின் முன்பையில் கண்டெடுக்கப்பட்ட, ஆசிரியர் பெயர் கிழிந்துபோன உரை ஒன்று, ‘கார்ப்பெட்டைத் தொட்டபின்’ என்று தொடங்குகிறது. அடுத்த சொல்லில் சாம்பார் சிந்தியிருப்பதால் அது ‘எழுக’வா ‘அழுக’வா என்று பாடபேதம் நிலவுகிறது. அந்த முதலெழுத்தில் மட்டுமே மூன்று முனைவர் பட்டங்களுக்கு இடமிருக்கிறது. வழிகாட்டிப் பேராசிரியர்கள் துண்டு போட்டு வைத்துவிட்டதாகக் கேள்வி.

வாங்கிய கார்டைப் படிக்காமல் வைப்பது அவமரியாதை. எவ்வளவு நேரம் படிப்பது? சிறுபொழுதுக் கட்சியார் பெயரும் பதவியும் போதும் என்பர். பெரும்பொழுதுக் கட்சியார் கார்காலம் முழுவதும் கேட்பர்.

குனிதல் 15, 30, 45 பாகை என மூவகைப்படும். கோணமானியைக் கைப்பையில் வைக்கலாமா என்பதை விமான நிலையத்தில் கேட்டுக்கொள்க.

பின்னிணைப்பு, மின்சாரம்: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கின. அதனால் ஜப்பானின் கிழக்கில் இன்றும் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. ஏறக்குறைய ஃபுஜி ஆறு எல்லை. நம்மூர் 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டிய டூ போல் மோட்டாரை மேற்கே மாட்டினால் வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்றிலிருந்து 3600ஐ நோக்கி ஏறும். சென்ட்ரிஃப்யூகல் பம்பாக இருந்தால் சுமை 1.7 மடங்கை எட்டும்; காயில் கருகும். ஆர்டர் கொடுப்பவர் ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது நலம். ஆனால் இது பண்பாட்டு ஆய்வின் எல்லைக்குள் வராது. மெய்ஷியில் முகவரி அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரியைப் படிக்கும்படி மேற்கண்ட இரு கட்சியாருமே பரிந்துரைக்கவில்லை.