சிப்பு போயிடுச்சுண்ணே

கேமரா ரிப்பேரில் எனக்குப் புரியாத எல்லாக் கோளாறுக்கும் ஒரே பெயர்தான்: சிப்பு போயிடுச்சு. டோல்கேட்டில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரமாகக் கடை. வாசலில் ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசை நகர்வதற்குள் ஒரு போர்டைக் கழற்றி மாட்டிவிடுவேன். மாட்டியது வேலை செய்யுமா என்பது வேறு கதை.

எடை மேடை நடத்தும் அண்ணன் ஒருவரின் பழைய சிசிடி கேமரா, ராத்திரியானால் படம் முழுக்கப் புள்ளியாகக் கொட்டியது. "சாம்பிள் அண்ட் ஹோல்டு ஐசி அவுட்டுண்ணே" என்றேன். பேரைக் கேட்டே பயந்துவிடுவார் என்று கணக்கு. "அது இன்னா பண்ணும்?" என்றார்.

வாயைத் திறந்தால் நான் மூடமாட்டேன். 1969-ல் பெல் லேப்ஸில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடி சென்சாரைக் கண்டுபிடித்ததில் தொடங்கி, 1988-ல் போன நம்ம ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் 2048 புள்ளி சிசிடி வரை இழுத்தேன். சென்சாரிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் வோல்டேஜும் வரிசையாக வந்து ஓடிவிடும். இந்த ஐசிக்குள் ஒரு ஸ்விட்ச் கண நேரம் மூடி, அதைக் குட்டிக் கப்பாசிட்டரில் ஏற்றிவிட்டுத் திறந்துகொள்ளும். அடுத்த புள்ளி வரும்வரை அந்த அளவு அப்படியே நிற்கும். இதில் ஒரு தொல்லை. ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் சென்சார் ரீசெட் ஆகிறபோது கொஞ்சம் இரைச்சல் ஒட்டிக்கொள்கிறது, அதுவும் தடவைக்குத் தடவை வேறு அளவில். அதனால் ரீசெட் ஆனதும் ஒரு சாம்பிள், சிக்னல் வந்ததும் ஒரு சாம்பிள், இரண்டையும் கழி. 1974-ல் வெஸ்டிங்ஹவுஸின் மார்வின் ஒயிட் குழு வெளியிட்ட வழி இது. ஒரு தடவை எடுத்தால் போதாதா என்பது எனக்கே ரொம்ப நாள் விளங்கவில்லை.

அண்ணனுக்கு உடனே விளங்கியது. "காலி வண்டிய ஒருக்கா ஏத்தறோம், லோடோட ஒருக்கா. டீசலு, சேறு, கிளீனரு எல்லாம் டிரிப்புக்கு டிரிப்பு மாறும்பா. போன வாரத்துக் காலி எடைய வெச்சுக் கழிச்சா நெட்டு வருமா?"

ரோஷம் வந்துவிட்டது. ரிச்சி தெருவுக்குப் போய் எல்எஃப்398 வாங்கி வந்தேன். அதுவும் சாம்பிள் அண்ட் ஹோல்டுதானே! நல்லவேளை, அண்ணனுடைய கேமரா போர்டில் நான் கை வைக்கவில்லை. ஸ்கிராப்பில் கிடந்த ஒரு கேமராவில் சிசிடி லைனை வெட்டி நடுவே கோத்தேன். மானிட்டரில் எதிர்க்கடை போர்டும் கரண்ட் கம்பமும் பக்கவாட்டில் இழுபட்டு ஒரே தீற்றலாகிவிட்டன. அப்புறம்தான் டேட்டாஷீட்டைப் பிரித்தேன். 1000 பிகோஃபாரட் கப்பாசிட்டர் போட்டால் அந்த ஐசி ஒரு அளவைப் பிடிக்கவே சுமார் 4 மைக்ரோ செகண்ட் ஆகும். கேமராவில் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.1. இது ஒன்றைப் பிடிப்பதற்குள் நாற்பது புள்ளி கடந்துபோயிருக்கும். வாங்கிய பிறகு டேட்டாஷீட் படிப்பது எனக்குப் பழக்கம்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கிளீனர் பையன் வேஸ்ட் துணியால் கூண்டின் முன்கண்ணாடியைத் துடைத்தான். துணி கரியானது. லாரிப் புழுதியும் உப்புக் காற்றும் சேர்ந்து ஒரு பூச்சு. உள்ளே வெளிச்சமே போகாததால் கெயினைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏஜிசி அதை உச்சத்துக்கு ஏற்றியிருக்கிறது; ஏற்றினால் இரைச்சல் புள்ளியும் சேர்ந்துதான் பெரிசாகும். அன்று ராத்திரி படம் பளிச்.

"சிப்பு மாத்திட்டியாபா?" என்றார் அண்ணன். உடனே இல்லையென்று சொல்லியிருக்கலாம். "சர்வீஸ் பண்ணிருக்கேண்ணே" என்றேன். பையன் துணியை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

இப்போது வரும் ஐபி கேமராக்களில் இருப்பது சீமாஸ் சென்சார். சாம்பிள் எடுப்பது, கழிப்பது எல்லாம் சென்சாருக்குள்ளேயே முடிந்துவிடுவதால் பழி போடத் தனியாக ஒரு ஐசி கிடையாது. ஃபர்ம்வேர் போயிடுச்சு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.