ஈ.சி.ஆர். பரிமேலழகர்

கையில் கொஞ்சம் காசும் ஈ.சி.ஆர். ஓரம் கொஞ்சம் நிலமும் சேர்ந்துவிட்டால் சிலர் நாட்டு மாடு வாங்குவார்கள், சிலர் மாமரம் நடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய சிலருக்கு மட்டும் குதிரை கேட்கும். அதுவும் பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற குதிரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன்மேல் ஏறிச் சவுக்குத் தோப்பு ஓரமாக உலா வர வேண்டும் என்பது கனவு. இந்த ரகத்தாருக்குப் பரிமேலழகர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். குறளுக்கு உரை கண்டவரோடு இவருக்கு உறவில்லை. இவர் உரை எழுதுவதெல்லாம் வாட்ஸ்அப்பில், குதிரைப் படத்துக்குக் கீழே.

ஓய்வுபெற்ற குதிரை என்றதும் பல் விழுந்த கிழத்தை நினைக்கக் கூடாது. இரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வயதில் ரிட்டையராகி வந்திருக்கும் பையன் அது. பென்ஷன் கிடையாது. ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து வயதுவரை இருக்கும். பரிமேலழகர் விலையைக் கேட்டார், சல்லிசாக இருக்கிறதே என்று பூரித்தார். மிச்சம் இருபது வருடச் சாப்பாட்டுச் செலவைக் கேட்கவில்லை.

வாங்கிய மறுநாளிலிருந்து வம்ச வரலாறு தொடங்கும். “டார்லி அரேபியன் பரம்பரை சார்! 1704ல அலெப்போவுலேர்ந்து இங்கிலாந்து போன குதிரை!” என்பார். உண்மைதான். ஆனால் இன்று உலகில் இருக்கும் தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், தகப்பன் வழியில் அதே டார்லி அரேபியனின் பேரப்பிள்ளைகள்தான். இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் காதில் விழாது. அடுத்து வேகம். “அறுபது கிலோமீட்டர் ஸ்பீடு! 1200 மீட்டர் ஸ்பெஷலிஸ்ட்!” அந்த 1200 மீட்டரில் எத்தனையாவதாக வந்தது என்று கேட்டால், “முன்னால போனதெல்லாம் ரொம்ப வேகமான குதிரைங்க” என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்வார். 2024 செப்டம்பரில் குத்தகைத் தகராறில் கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசு சீல் வைத்தபோது, கிளப் உறுப்பினர்களைவிட இவர் அதிகம் கலங்கினார். அங்கே ஒரு நாளும் டிக்கெட் எடுத்து உள்ளே போனதில்லை. ஆனாலும் தன் குதிரையின் பிறந்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டது போல ஒரு வாரம் துக்கம் காத்தார்.

குதிரையோடு ஒரு சைஸும் வந்து சேர்வார். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆள், லாயத்திலேயே தலை நரைத்தவர். குதிரையின் நீண்ட இங்கிலீஷ் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு “ராஜா” என்று கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் அது திரும்பும். பரிமேலழகர் முழுப் பெயரையும் உச்சரித்தால் வாலை மட்டும் ஆட்டும்.

முதல் ஞாயிறு, புது பூட்ஸும் ஹெல்மெட்டுமாக வந்து நின்றவரிடம் சைஸ் சொன்னார்: “இப்ப ஏற முடியாது சார். ரெண்டு மூணு மாசம் சும்மா மேயட்டும். ரேஸ் உடம்பு அடங்கணும்.” ஓட்ஸையும் கொள்ளையும் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் உண்டு, அது ஆற வேண்டும். புல்லைத் தரையிலும் போடக் கூடாது. ஈ.சி.ஆர். மணல் வயிற்றில் சேர்ந்தால் வலி வந்துவிடும். வாந்தியெடுத்துத் தப்பிக்கவும் குதிரையால் முடியாது. பரிமேலழகர் வீட்டில் வேளை தவறிச் சாப்பிடுபவர். குதிரையின் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் மூன்று அலாரம் வைத்தார். “எனக்கு அல்சர் வந்தப்ப மாத்திரை எடுத்துத் தரக்கூட ஆளில்லை” என்றார் வீட்டம்மா.

அடுத்து வந்தார் ரைடிங் கோச். குதிரையைச் சுற்றி வந்து பார்த்தார், பிறகு பரிமேலழகரைச் சுற்றி வந்து பார்த்தார். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம், சேணத்தையும் சேர்த்து. குதிரை 450 கிலோ. பரிமேலழகர் மட்டுமே 94. “குதிரைக்கு எடை ஏத்தணும், உங்களுக்கு இறக்கணும்” என்றார் கோச். சர்க்கரை டாக்டர் வருடக்கணக்கில் சொல்லி நடக்காதது ஒரே வாக்கியத்தில் நடந்தது. அன்றிரவு முதல் இரண்டு சப்பாத்தி.

ஒருவழியாக ஏறும் நாள் வந்தது. பந்தயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியின் காலைப் பிடித்து மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஏறும்வரை நிற்க வேண்டும் என்று ராஜாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பரிமேலழகர் முக்காலிமேல் நின்று ஒரு காலை அங்கவடியில் வைப்பார். ராஜா நடையைக் கட்டும். முக்காலி ஓரிடம், குதிரை ஓரிடம், இரண்டுக்கும் நடுவில் அவர். ஏறி உட்கார்ந்த பிறகும் சங்கடம் தீரவில்லை. ஜாக்கி முழங்காலை மடக்கி முதுகுக்கு மேலே குந்தியிருப்பான். விலாவின் இருபுறமும் இரண்டு கனத்த கால்கள் தொங்குவது ராஜாவுக்குப் புது அனுபவம். அது சிலிர்த்து முன்னால் பாய, இவர் பதறிக் கடிவாளத்தை இழுக்க, அது இன்னும் வேகமெடுத்தது. “இழுக்காதீங்க சார்!” என்று கத்திக்கொண்டே ஓடினார் சைஸ். “இழுத்துப் பிடிச்சா ஓடணும்னுதான் அவனுக்குப் பழக்கம்! விடுங்க, நிப்பான்!” தொழிலில் முப்பது வருடமாக எதையும் கையை விடாமல் சம்பாதித்தவர். விடு என்றால் எப்படி விடுவார்? வேலி வந்ததால் ராஜா தானாக நின்றது.

ஆயிரக்கணக்கானோர் கூச்சலிட்ட மைதானத்தில் அசராமல் ஓடிய குதிரை அது. காற்றில் பறந்த பால் கவர் ஒன்றைக் கண்டு நான்கு காலிலும் துள்ளியது. அன்றிலிருந்து பரிமேலழகர் தினமும் காலையில் தோப்பு முழுக்கக் குனிந்து குனிந்து பிளாஸ்டிக் பொறுக்குகிறார். ஊராட்சியில் அவருக்குத் தூய்மைப் பணிக்காக ஒரு சால்வை போர்த்தினார்கள்.

இப்படி மாதங்கள் போயின. கோச்சுக்குச் சம்பளம், நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை லாடம், வைத்தியர், வைக்கோல். கணக்குப் பார்த்தால், எந்த வேகத்தைப் பார்த்து அவர் குதிரை வாங்கினாரோ, அந்த வேகத்தைக் கழற்றுவதற்குத்தான் மாதா மாதம் பணம் கட்டுகிறார். பாடத்திட்டமும் அதற்கேற்றபடி: நில், நட, நில், இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், மறுபடி நில்.

ஒரு நாள் அது நடந்தேவிட்டது. பரிமேலழகர் முக்காலியில் ஏறி, சேணத்தில் உட்கார்ந்து, கடிவாளத்தைச் சரிசெய்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளும்வரை ராஜா நின்ற இடத்தில் நின்றது. முழுசாக ஒரு நிமிடம். சைஸ் எடுத்த வீடியோ உடனே குடும்பக் குழுவுக்குப் போனது. பெங்களூர் மருமகன் பதில் போட்டான்: “மாமா, வீடியோ ஸ்டக் ஆயிடுச்சு. திரும்ப அனுப்புங்க.”

இப்போது ராஜா சாது. தனியாக இருப்பதால் சாயங்காலமானால் மட்டும் வேலியோரம் நின்று கனைக்கிறது. கூட்டமாக வாழ்ந்து பழகிய பிராணி. “ஒரு ஆட்டைக் கொண்டாந்து பக்கத்துல கட்டுங்க சார், அடங்கிடுவான்” என்றார் சைஸ். வெளிநாட்டுப் பந்தய லாயங்களிலேயே குதிரைக்குத் துணையாக ஆடு வைப்பதுண்டு, நல்ல யோசனைதான். ஆனால் டார்லி அரேபியன் பேரனுக்குப் பக்கத்தில் வெள்ளாடா? பரிமேலழகர் மறுபடி நாலு இடத்தில் விசாரித்து, போன வாரம் இன்னொரு குதிரைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இதற்கும் நாலு வயதுதான்.

“ராஜாவைவிட இது ஸ்பீடு சார்” என்கிறார்.